கதிர் வளைவதைக் காணாத பிள்ளைகள்

தை மாதக் கடைசியில் சம்பா அறுவடை முடிந்து களங்கள் ஓயத் தொடங்கும் நாட்களில்தான், தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகை மாவட்டங்களின் மேல்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பௌதிகச் செய்முறைத் தேர்வுக்கு ஆயத்தமாகிறார்கள். எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை எவ்வாறு கண்டார்கள் என்று அவர்களில் யாரை நிறுத்திக் கேட்டாலும், ஜே. ஜே. தாம்சன் என்னும் பெயரையும், மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்போது கதிர் நேராகச் செல்லும் என்னும் வாக்கியத்தையும், அதிலிருந்து படிப்படியாகப் பிறக்கும் சமன்பாடுகளையும், ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எத்தனை வரி வேண்டுமோ அத்தனை வரியில் தடங்கலின்றி ஒப்பித்துவிடுவார்கள். அந்தக் கதிர் வளைவதைக் கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டால் மட்டும் விடை வராது. பாடப் புத்தகத்தில் படம் உண்டு. பரீட்சைத் தாளில் அந்தப் படத்தை வரைவதற்கு மதிப்பெண்ணும் உண்டு. செய்முறைப் பட்டியலில் அந்தப் பரிசோதனைக்கு இடம் இல்லை.

அறிவு பெறும் வழிகளைப் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்று வகுத்து, நேரில் காண்பதை முதலிலும், கண்டதிலிருந்து ஊகிப்பதை அடுத்தும், பிறர் சொல்லை நம்புவதை அதற்குப் பின்னும் வைத்தார்கள் நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகள். முதல் இரண்டையுமே உயிராகக் கொண்ட பௌதிக சாஸ்திரத்தை மூன்றாவதைக் கொண்டு மட்டும் கற்பித்துவருகிறோம் நாம். இது நம் டெல்டாவுக்கு மட்டும் உரிய குறை அன்று. ஆயினும், இந்தக் குறிப்பிட்ட பரிசோதனையைப் பொறுத்தவரை நம் டெல்டாவின் மண்ணுக்கு ஒரு விசேஷத் தகுதி இருப்பதால், அதை இங்கே காட்டாமல் விடுவது இரட்டிப்பு நஷ்டம் என்பது என் துணிபு. அந்தத் தகுதி யாது என்பதைச் சொல்வதற்கு முன், பரிசோதனையின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிய கண்ணாடிக் குழாயினுள் இரண்டு உலோகத் தகடுகளை வைத்து உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால், எதிர்த்தகட்டுக்கு நேரே உள்ள கண்ணாடிச் சுவர் பசுமையாக ஒளிர்வதையும், காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் அந்த ஒளிர்வு இடம் பெயர்வதையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஜெர்மானியப் பேராசிரியர் பிளக்கர் கண்டிருந்தார். 1876-இல் கோல்ட்ஸ்டைன் அதற்குக் கேதோடு கதிர் என்று பெயரிட்டார். அந்தக் கதிர் ஒளியைப் போன்ற ஓர் அலையா, அல்லது மின்னூட்டம் பெற்ற துகள்களின் ஓட்டமா என்ற விவாதம் அதன்பின் இருபது ஆண்டுகள் நீடித்தது. ஜெர்மானிய அறிஞர்களிற் பெரும்பாலோர் அலை என்றனர். இங்கிலாந்தில் குரூக்ஸும் அவர் வழிவந்தோரும் துகள் என்றனர். துகள் என்றால், காந்தத்துக்கு வளைவதைப் போலவே மின்புலத்துக்கும் வளைய வேண்டும் அல்லவா? மின்காந்த அலைகளைப் பின்னாளில் முதன்முதலில் தோற்றுவித்துக் காட்டிய மகா மேதையான ஹெர்ட்ஸ், 1883-இல் அதையே சோதித்துப் பார்த்தார். இரு தகடுகளுக்கிடையே கதிரைச் செலுத்தித் தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தார். கதிர் அசையவில்லை. ஆகவே அது துகள் அன்று என்று முடிவு கட்டினார்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், கேம்பிரிட்ஜ் காவெண்டிஷ் ஆய்வகத்தில், ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள இரு அலுமினியத் தகடுகளை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்திய ஒரு குழாயைக் கொண்டு தாம்சன் அதே சோதனையைச் செய்தபோது, அவருக்கும் ஆரம்பத்தில் அதே பலன்தான் கிடைத்தது: கதிர் அசையவில்லை. இந்த இடத்தில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. கண்ணால் கண்டதை மறுக்காமல், ஏன் அப்படிக் காண்கிறோம் என்று வினவினார். குழாயில் எஞ்சியிருந்த காற்றின் ஊடே கதிர் பாயும்போது அந்தக் காற்றே மின்கடத்தியாகி, தகடுகளின் மின்னூட்டத்தை மறைத்துத் திரையிட்டுவிடுகிறது என்று ஊகித்தார். காற்றை மேலும் மேலும் வெளியேற்றினார். சூன்யம் போதிய அளவு மிகுந்ததும் கதிர் வளைந்தது. அந்நாளைய பாதரசப் பம்புகளைக் கொண்டு அந்த நிலையை எட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. குழாய்களை ஊதிச் செய்தளித்த எபனேசர் எவரெட் என்னும் உதவியாளரின் கைத்திறன் இல்லாவிடில் அது கைகூடியிராது. 1897 ஏப்ரல் 30-ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தாம்சன் தம் கருத்தைச் சபையறியச் சொன்னார். அவ்வாண்டு அக்டோபரில் முழுக் கட்டுரையும் அச்சாயிற்று.

வளைந்ததனால் என்ன தெரிந்தது என்பதை நம் களத்து வேலையைக் கொண்டே விளக்கலாம். அறுவடை இயந்திரங்கள் வருவதற்கு முன்பு, அடித்த நெல்லை முறத்தில் எடுத்து உயரத் தூக்கிக் காற்றில் தூற்றும்போது, ஒரே காற்று, ஒரே உயரம், விழுவதற்கு ஒரே அவகாசம் என்றிருந்தும், நெல்மணி காலடியிலேயே குவியும். பதர் தள்ளிப் போய் விழும். எவ்வளவு தூரம் தள்ளிப் போய் விழுகிறது என்பது காற்று எவ்வளவு தள்ளுகிறது, பொருள் எவ்வளவு கனக்கிறது என்னும் இரண்டின் விகிதத்தையே பொறுத்தது. காற்றின் ஸ்தானத்தில் மின்புலத்தை வைத்து, தகடுகளைக் கடக்கும் சொற்ப நேரத்தில் கதிர் எவ்வளவு ஒதுங்குகிறது என்று அளந்தால், துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் கிடைத்துவிடும். ஆனால் அதற்குத் துகளின் வேகம் தெரிய வேண்டும். அதற்குத்தான் காந்தப்புலம்: மின்புலம் மேலே தள்ளும் அளவுக்கு அது கீழே தள்ளுமாறு சரிசெய்து, கதிரைப் பழைய நேர்கோட்டுக்கே கொண்டுவந்துவிட்டால், இரு புலங்களின் விகிதமே வேகமாகிவிடுகிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சமன்செய்து, தெரியாத இரண்டையும் தெரிந்ததாக்கிய அந்த யுக்தியின் அழகை நினைக்கும்போதெல்லாம், அது வெறும் சமன்பாடாக ஒப்பிக்கப்படுவது பற்றி எனக்கு மனவருத்தம் உண்டாகிறது.

வேகம், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்று வந்தது. விகிதமோ, ஹைட்ரஜன் அயனிக்கு உள்ளதைப்போல் ஆயிரம் மடங்கு அளவில் வந்தது. இன்றைய துல்லியமான கணக்கில் அது 1836 மடங்கு. குழாயில் காற்றை விடுத்து ஹைட்ரஜனையோ கரியமில வாயுவையோ நிரப்பினாலும், தகட்டின் உலோகத்தை மாற்றினாலும், விகிதம் மாறவில்லை. ஆகவே எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான, அணுவினும் மிகச் சிறிய ஏதோ ஒன்று அதில் ஓடுகிறது என்று தாம்சன் துணிந்தார். அதே ஆண்டில் பெர்லினில் கௌஃப்மன் என்பவரும் இந்த விகிதத்தை அளந்து நல்ல விடையே கண்டிருந்தார். துகள் என்று சொல்ல அவர் துணியவில்லை. அளப்பது ஒன்று, அளந்ததன் பொருளை அறிவது மற்றொன்று. அந்த வேறுபாட்டைப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த கதை பௌதிகத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் கல்லூரிகளின் இளநிலைப் பௌதிக வகுப்புகளில், தாம்சன் முறை என்ற பெயரிலேயே ஒரு செய்முறை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. மரத்தாலான ஒரு தாங்கியின் நடுவே சிறிய கேதோடு கதிர்க் குழாய் வடக்கு தெற்காகக் கிடத்தப்படுகிறது. கிழக்கிலும் மேற்கிலும் நீளும் இரு மரக்கரங்களின் மீது சட்டக் காந்தங்கள் வைக்கப்படுகின்றன. தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் திரையிலுள்ள பச்சைப் புள்ளி மேலே ஏறுகிறது. காந்தங்களை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் புள்ளி பழைய இடத்துக்கே இறங்குகிறது. காந்தங்கள் அந்த இடத்தில் எவ்வளவு வலிமையான புலத்தை உண்டாக்கின என்று அறிய, குழாயை எடுத்துவிட்டு, அதே ஸ்தானத்தில் விலகு காந்தமானியின் திசைகாட்டிப் பெட்டியை வைத்து, ஊசி எத்தனை பாகை திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். ஊசியை வடக்கே இழுப்பது பூமி. பக்கவாட்டில் இழுப்பது காந்தம். இரண்டுக்கும் நடந்த இழுபறியின் முடிவே அந்தக் கோணம்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. எலக்ட்ரானை அளப்பதற்கு இங்கே அளவுகோலாக நிற்பது, அந்தக் கல்லூரி நிற்கும் மண்ணில் பூமி செலுத்தும் காந்தப்புலத்தின் கிடைக் கூறு. அது ஊருக்கு ஊர் மாறுவது. லண்டன் நகரில் பூமியின் காந்தக் கோடுகள் ஏறத்தாழ 66 பாகை சாய்ந்து தரைக்குள் இறங்குவதால், கிடையாக எஞ்சுவது சுமார் 0.19 காஸ் மாத்திரமே. காந்த மத்திய ரேகை நம் தென்னகத்துக்கு மிக அருகில் செல்வதால், சென்னையில் சாய்வு 14 பாகை அளவுதான். அதற்கும் தெற்கே இருக்கும் தஞ்சையில் இன்னும் குறைவு. இங்கே பூமியின் புலம் ஏறத்தாழ முழுவதுமே கிடையாக, வயலின் நீர்மட்டத்தோடு ஒத்த திசையில் ஓடுகிறது. அதன் வலிமை சுமார் 0.4 காஸ், அதாவது லண்டன் மாணவனுக்குக் கிடைப்பதைப்போல் இருமடங்கு. லண்டன் எண்ணை எடுத்துக்கொண்டு தஞ்சையில் கணக்குப் போட்டால் விடை அடியோடு பிசகிவிடும். மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரைச் சுற்றிச் சுற்றிச் சரிசெய்து பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் எண்ணும் இந்தக் கிடைக் கூறேதான். ரெக்கார்டு நோட்டில் அதை எழுதி, ஆசிரியர் கையொப்பம் பெற்று, அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். பாடப் புத்தகத்தின் மற்றோர் அத்தியாயத்தில் தாங்கள் மனப்பாடம் செய்த தாம்சன் பரிசோதனைக்குச் சாவி அந்த எண்ணில் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நான் சொல்லவந்த விசேஷத் தகுதி இதுதான். காந்தம் எதுவும் இல்லாமலேயே, வெறும் குழாயைத் திருப்புவதாலேயே கதிர் வளைவதை இந்த மண்ணில் காட்டலாம். உலோகக் கவசம் போர்த்தாத ஒரு குழாயில் ஆயிரம் வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்களை 20 சென்டிமீட்டர் தூரம் பாயவிட்டால், தஞ்சையின் புலம் மட்டுமே அவற்றை ஏழெட்டு மில்லிமீட்டர் ஒதுக்கிவிடும் என்பது எளிய கணக்கு. குழாய் வடக்கு தெற்காக இருக்கையில் புள்ளி ஏறக்குறைய நடுவிலேயே நிற்கும். கதிர் கிழக்கே பாயும்படி திருப்பினால் புள்ளி கீழே இறங்கும். மேற்கே திருப்பினால் மேலே ஏறும். லண்டனில் புலத்தின் பெரும்பகுதி செங்குத்தாக இருப்பதால், எந்தத் திசையில் திருப்பினாலும் கதிர் ஒரே பக்கமாக ஒதுங்கியே நிற்கும். திசைக்கும் வளைவுக்கும் உள்ள உறவு இங்கே துலங்குவதுபோல் அங்கே துலங்காது. காந்த விசை, ஓட்டத்தின் திசைக்கும் புலத்தின் திசைக்கும் ஒருங்கே செங்குத்தாக நிற்கிறது என்று நாம் விரல்களை மடக்கியும் நீட்டியும் சொல்லிக்கொடுக்கும் விதி, கும்பகோணத்தில் ஒரு மேசையின் மீது, எந்த விரலும் இன்றித் தானே தன்னைச் சொல்லிக்கொள்ளும்.

ஆகாயத்திலும் இதே வளைவு நடக்கிறது. நம் தமிழ்நாடு அதற்கும் சாட்சி சொல்லியிருக்கிறது. எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தைத் தனியே அளந்து, தாம்சன் பாதியில் நிறுத்திய வேலையை முடித்தவர் மில்லிகன். அதே மில்லிகனின் குழுவினர் 1936-இல், காஸ்மிக் கதிர்களை அளக்கும் மின்மானிகளைப் பலூன்களிற் கட்டிச் சென்னையிலிருந்து வானில் ஏற்றினார்கள். டெக்சாஸ் மாநிலத்து ஸான் அன்டோனியோவிலும் அதற்கு வடக்கேயும் ஏற்றிய பலூன்கள் காட்டியதைவிடச் சென்னை வானத்தில் கதிர்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வெளியிலிருந்து வருபவை மின்னூட்டம் பெற்ற துகள்கள். கிடையாக ஓடும் பூமியின் புலத்தைக் குறுக்கே கடந்து வரவேண்டியிருப்பதால், மத்திய ரேகைக்கு அருகே சக்தி குறைந்தவை வளைந்து திரும்பிப் போய்விடுகின்றன. இன்று உதகமண்டலத்தில் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தும் கிரேப்ஸ் ஆய்வுக்கூடம் அமைந்துள்ள இடத்துக்கு நேர் மேலிருந்து வந்து சேர, ஒரு புரோட்டானுக்கு ஏறத்தாழ 1700 கோடி எலக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். 2015 ஜூன் 22-ஆம் நாள் சூரியனிலிருந்து வந்த ஒரு புயல் பூமியின் காந்தக் கவசத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தியபோது, இரண்டு மணி நேரம் அங்கே துகள்களின் வரவு கூடியதைப் பதிவுசெய்து அவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். தாம்சனின் குழாயில் சில ஆயிரம் வோல்ட்டில் நிகழ்ந்ததும் நீலகிரியின் உச்சியில் நிகழ்ந்ததும் ஒரே விதியின் இரண்டு காட்சிகள்.

இன்னும் அருகில் வரலாம். கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், 1957-இல் தொடங்கிய சர்வதேசப் பூபௌதிக ஆண்டை ஒட்டி ஒரு காந்த ஆய்வகம் நிறுவப்பட்டது. காந்த மத்திய ரேகையின் மேலே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஓடும் ஒரு மாபெரும் மின்னோட்டம் உண்டு. புலம் அங்கே கிடையாக இருப்பதனாலேயே அது அந்த வலிமையைப் பெறுகிறது. திருவனந்தபுரத்திலும் கொடைக்கானலிலும் அண்ணாமலை நகரிலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அதன் அகலத்தையும் போக்கையும் நம் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். உழவன் கலப்பையோடு நிற்கும் வயலுக்கு மேலே அப்படி ஓர் ஓட்டம் நாள்தோறும் எழுந்து அடங்குகிறது என்பதை, அந்த உழவனின் மகளுக்கு நம் பள்ளிகள் சொல்லியிருக்க வேண்டாமா?

சொல்வதற்குப் பதில் காட்டலாமே என்றால், அதற்குத்தான் கணினித் திரை வந்துவிட்டதே, ஹைடெக் லேபில் அசையும் படமாகவே காட்டிவிடலாமே என்று சிலர் வாதிக்கிறார்கள். அசையும் படத்தை நான் இகழவில்லை. குழாய்க்குள் நடப்பதை விளக்க அது நல்ல துணை. ஆனால் அது பரிசோதனைக்கு ஈடாகாது. காரணம், அதனால் ஒருபோதும் மறுத்துரைக்க முடியாது. நிரல் எழுதியவர் கதிர் வளைய வேண்டும் என்று எழுதினால் அது வளையும். ஹெர்ட்ஸுக்கு நேர்ந்த தோல்வி அதில் நேராது. தாம்சனுக்கு முதலில் நேர்ந்த ஏமாற்றமும் நேராது. ஆகையால் அவர் எழுப்பிய கேள்வியும் அங்கே எழாது. உண்மையான குழாயின் முன் நிற்கும் மாணவிக்குப் புள்ளி எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் போகும்; மேசைக்கு அடியில் இரும்பு இருக்கிறதா, காந்தத்தின் முனை மாறிவிட்டதா, வடக்கு என்று நினைத்தது வடக்குத்தானா என்று அவள் தேட வேண்டிவரும். அந்தத் தேடலே விஞ்ஞானம். விடை முன்கூட்டியே தெரிந்த ஒன்றைத் திரையில் பார்ப்பது அழகான சப்தப் பிரமாணமேயன்றிப் பிரத்தியட்சம் ஆகாது.

கண்டதை உள்ளபடி எழுதிவைக்கும் வழக்கம் தஞ்சைக்குப் புதிதும் அன்று. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் மேனாட்டு விஞ்ஞானக் கருவிகளை விரும்பி வரவழைத்தவர். அவர் காலத்தில் கண்நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தபோது, ஒவ்வொருவருடைய கண்ணையும் இருந்தபடியே சித்திரமாக வரைந்து குறிப்பெழுதிய ஏடுகள் சரஸ்வதி மஹாலில் இன்னும் இருக்கின்றன. வைத்திய நூலில் கண் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்ததோ அதையல்ல, எதிரில் அமர்ந்திருந்தவரின் கண் எப்படி இருந்ததோ அதையே அந்தச் சித்திரக்காரர்கள் வரைந்தார்கள். அந்த ஊரில் படிக்கும் பிள்ளை, பார்த்தறியாத குழாயின் படத்தைப் புத்தகத்திலிருந்து பெயர்த்து வரைகிறது.

இதில் காலதாமதம் செய்ய இடமில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் மூலம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கேதோடு கதிர்க் குழாய்கள் தமிழ்நாட்டின் குடிசைகளுக்குள் சென்றன. அந்தப் பெட்டி ஒவ்வொன்றின் கழுத்திலும் செப்புக் கம்பிச் சுருள்கள் இருந்து, எலக்ட்ரான் கதிரை ஒரு விநாடிக்கு 15,625 முறை இடமிருந்து வலமாக வளைத்துக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியின் காந்தத்தை அருகில் கொண்டுபோய், படத்தின் நிறங்கள் குழம்பியதைக் கண்டு வீட்டுப் பெரியவர்களிடம் வசை வாங்கிய பிள்ளைகள் அந்நாளில் எத்தனையோ பேர். தாங்கள் செய்தது பிளக்கரின் பரிசோதனை என்பது அவர்களுக்குத் தெரியாது. வண்ணக் குழாய்களைப் பூமியின் புலத்துக்கு ஏற்ப வட கோளத்துக்கு ஒரு விதமாகவும், தென் கோளத்துக்கு வேறு விதமாகவும், மத்திய ரேகைப் பிரதேசத்துக்கு மற்றொரு விதமாகவும் இசைத்துத் தயாரித்தார்கள் என்பதும் அக்காலத்தில் வகுப்பறைகளில் பேசப்படவில்லை. அத்தனை பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று வீட்டுக்கு வீடு திறந்திருந்த காலம் அப்படியே கழிந்துபோயிற்று. இன்று தட்டைத் திரைகள் வந்துவிட்டன. பழைய பெட்டிகள் காயலான் கடைகளில் உடைபடுகின்றன. குழாய் உற்பத்தி உலகெங்கும் பெரும்பாலும் நின்றுவிட்டது.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து பிரித்துப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அணைத்த பிறகும் அதன் குழாய் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்துவைத்திருக்கும். உள்ளே சூன்யம் இருப்பதால் உடைந்தால் கண்ணாடி சிதறும். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. நான் கேட்பது, கல்லூரிகளின் அலமாரிகளில் இருக்கும் பரிசோதனைக் குழாய்களையும், பழைய ஆஸிலோஸ்கோப்புகளையும், தாம்சன் முறை மரத்தாங்கிகளையும் பற்றியது. இருப்புக் கணக்கில் பயனற்றவை என்று குறித்து ஏலத்தில் கழித்துவிடும் வழக்கத்தை அவற்றின் விஷயத்தில் நிறுத்த வேண்டும். ஒரு முறை போனால் அதே பொருள் திரும்ப வராது. 1854-இல் தொடங்கப்பட்டு, ஒரு காலத்தில் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று புகழ்பெற்ற கும்பகோணம் அரசு கல்லூரி, தஞ்சையின் சரபோஜி கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி போன்ற இடங்களில் பௌதிகத் துறைகள் இருக்கின்றன. அனுபவம் மிக்க ஆய்வுக்கூட உதவியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு குழாயை எப்படிச் சூடேற்றி எப்போது மின்னழுத்தம் ஏற்ற வேண்டும், எந்த மேசையின் ஆணி ஊசியைக் கெடுக்கிறது என்பவை புத்தகத்தில் இல்லாத ஞானம். அவர்கள் கையோடு போய்விடக்கூடியது.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. பாபநாசத்திலும் மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் ஒரத்தநாட்டிலும் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவியரை, ஆண்டில் ஒரு நாள், பக்கத்துக் கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். விளக்கை அணைத்து இருட்டாக்கிய அறையில், ஒவ்வொருவரும் தம் கையாலேயே காந்தத்தை நகர்த்திப் புள்ளி இறங்குவதைப் பார்க்க வேண்டும். குழாயை வடக்கிலிருந்து கிழக்கே தாமே திருப்ப வேண்டும். பள்ளியில் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரில் தாம் கண்டுபிடித்த எண்ணைக் கொண்டு, அங்கேயே கணக்குப் போட்டு எலக்ட்ரானின் விகிதத்தைக் காண வேண்டும். விடை புத்தகத்தின் விடையிலிருந்து பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பாதகமில்லை. ஏன் பிசகிற்று என்று எழுதுவதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கே நேரம் போதவில்லை என்று பெற்றோர் கவலைப்படுவது எனக்குத் தெரியும். அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் ஒரு நாள் என்பது ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் கண்ட பிள்ளைக்கு அதன்பின் அந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்யும் சிரமமே இராது.

பள்ளிக் கல்வித் துறையும் கல்லூரிக் கல்வி இயக்ககமும் கலந்துபேசி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் வருகிற செய்முறைத் தேர்வுக்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம். அதற்குக் காத்திராமல், டெல்டாவின் கல்லூரிகளில் பௌதிகம் போதிக்கும் பேராசிரியர்கள் தங்கள் அலமாரியைத் திறந்து, குழாய் இன்னும் எரிகிறதா என்று பார்த்து, பக்கத்து மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.